புது பாடி, பழைய இன்ஜின்

திருச்சியிலிருந்து சென்னைக்கு ராத்திரி பஸ் ஏறியவர்களுக்குத் தெரியும். விடியற்காலை மறைமலை நகர் தாண்டும்போது பாதி பஸ் முழித்துவிடும். முன்பெல்லாம் கண்டக்டர் அடுத்தடுத்து "வண்டலூர், பெருங்களத்தூர்" என்று கத்திக்கொண்டே போவார். இப்போது கிளாம்பாக்கத்திலேயே எல்லாரையும் இறக்கிவிட்டுவிடுகிறார்கள். அதனால் பெருங்களத்தூரைப் பார்க்காமலேயே நம்ம ஜூனியர்ஸ் படிப்பை முடித்துவிடுவார்கள். பெரிய நஷ்டமில்லை, அங்கே பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. ஐ.டி. கட்டடங்களும் அடுக்குமாடி வீடுகளும்தான். ஆனால் அந்த இடத்தில் ஒரு காலத்தில் கார் செய்தார்கள்.

இதை எழுதக் காரணம் போன மாதம் நடந்த சிம்போசியம். பேச வந்த ஒருவர் தமிழ்நாட்டின் கார் வரலாறு தொண்ணூறுகளின் கடைசியில், ஃபோர்டும் ஹூண்டாயும் வந்தபோதுதான் தொடங்கியது என்றார். நாங்களும் கைதட்டினோம். நானும்தான். வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் உறைத்தது: என் தாத்தா வைத்திருந்த கார் 'மேட் இன் மெட்ராஸ்' ஆச்சே!

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் எங்கள் வீட்டுத் திண்ணையை ஒட்டி நின்ற வண்டி. நான் பிறப்பதற்குப் பல வருடம் முன்பே விற்றாகிவிட்டது, நான் பார்த்தது ஃபோட்டோவில்தான். பின்னால் ராஜகோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டியிருக்கும், முன்னால் ஹெரால்டு, பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு தாத்தா. நூற்றாண்டுகளாக மொட்டைக் கோபுரமாக நின்றதை முடித்துக் கும்பாபிஷேகம் செய்தது 1987-ல். ஸ்டாண்டர்ட் கம்பெனி கார் செய்வதை நிறுத்தியது 1988-ல். அதாவது அந்த ஃபோட்டோவில் ஒன்று எழும்பிக்கொண்டிருக்கிறது, இன்னொன்று விழுந்துகொண்டிருக்கிறது. தாத்தாவுக்கு அது தெரிந்திருக்காது.

சென்னைக்கும் காருக்கும் உள்ள உறவு இன்னும் பழையது. குதிரை வண்டி செய்துகொண்டிருந்த மெட்ராஸ் சிம்சன் கம்பெனியில் 1903-லேயே சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியில் ஓடும் கார் ஒன்றைச் செய்து தெருவில் ஓட்டினார். 1905-ல் நீராவி பஸ். அது தனிக் கதை, இன்னொரு இதழுக்கு வைத்துக்கொள்ளலாம். இங்கே எனக்கு வேண்டியது ஸ்டாண்டர்ட்.

1948-ல் இங்கிலாந்து கோவென்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியும் மெட்ராஸ் யூனியன் கம்பெனியும் சேர்ந்து தொடங்கியது 'ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா'. முதலில் வான்கார்டு காரின் பாகங்களை வரவழைத்து இங்கே பூட்டினார்கள். 1953-ல் அரசு ஒரு கோடு போட்டது. வெறுமனே பூட்டுகிறவர்கள் கிளம்பலாம், படிப்படியாக இங்கேயே உற்பத்தி செய்யத் திட்டம் உள்ளவர்கள் மட்டும் இருக்கலாம். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. கார் செய்ய மிஞ்சியது மூன்றே பேர். கல்கத்தா பக்கம் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், மெட்ராஸில் ஸ்டாண்டர்ட். கிளாஸில் மூன்றே பேர் இருந்தால் மூன்றாம் ரேங்க் வாங்குவது எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமான போட்டி. ஸ்டாண்டர்ட் வாங்கியதும் அதே ரேங்க்தான்.

ஹெரால்டு 1961-ல் வந்தது. இங்கிலாந்தில் 'ட்ரையம்ஃப் ஹெரால்டு' என்று 1959 முதல் ஓடிக்கொண்டிருந்த வண்டி. இத்தாலிக்காரர் ஜியோவன்னி மிக்கெலொட்டி வரைந்த வடிவம், 948 சி.சி. இன்ஜின். மற்ற கார்கள் எல்லாம் மோனோகாக்குக்கு மாறிக்கொண்டிருந்த நேரத்தில் இது மட்டும் தனிச் சேஸிஸ் மேல் உட்கார்ந்திருந்தது. பானெட்டும் முன் ஃபெண்டர்களும் ஒரே துண்டாக முன்னால் சாயும், இன்ஜின் மொத்தமும் வெளியே தெரியும். பாலக்கரைப் பக்கம் ஷெட் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "தம்பி, மத்த வண்டிக்குள்ள தலைய விடணும். ஹெரால்டுக்கு டயர் மேலயே உக்காந்துக்கிட்டு வேல பாக்கலாம்" என்றார். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை ஐ.சி. இன்ஜின் லேபில் யார் முகத்திலும் நான் பார்த்ததில்லை.

இன்னொரு விஷயம் டர்னிங் சர்க்கிள், 25 அடி. சித்திரை வீதி மூலையில் ஒரு பக்கம் மாடு, இன்னொரு பக்கம் பூக்கடை, நடுவில் யு-டர்ன் என்றால் தாத்தாவுக்கு ஒரே ஒடி போதுமாம். ஒண்ணாம் நம்பர் பஸ் டிரைவர்களே பார்த்துப் பொறாமைப்படுவார்கள் என்று பாட்டி சொல்வார். இதை நான் சரிபார்க்கவில்லை.

குறையும் உண்டு. பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில். வளைவில் வேகமாகத் திரும்பினால் பின்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். இரண்டு பேர் போகும் ஆங்கிலேயக் குடும்பத்துக்கு அது பரவாயில்லை. ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபம் போகும் எங்கள் குடும்பம் எட்டுப் பேர், கூடவே சித்ரான்னத் தூக்குகள்.

நான் ஸ்டாண்டர்டை மதிப்பது இந்த இடத்தில்தான். பெருங்களத்தூர் ஆட்கள் இங்கிலாந்தில் இல்லாத நான்கு கதவு ஹெரால்டைச் செய்தார்கள். 1971-ல் இங்கிலாந்தில் ஹெரால்டே நின்றுபோன பிறகு, எழுபதுகளின் தொடக்கத்தில், அந்த அடிப்படையிலேயே 'கெஸல்' என்று ஒரு கார் கொண்டுவந்தார்கள். முன்னும் பின்னும் புது வடிவம் கொடுத்தார்கள். ஸ்விங் ஆக்ஸிலைத் தூக்கிப் போட்டுவிட்டு நம் சாலைக்கும் நம் சுமைக்கும் ஏற்றபடி சாதாரண லைவ் ஆக்ஸில் வைத்தார்கள். பார்க்க அப்படியொன்றும் அழகில்லை. ஆனால் நம் ஊர் இன்ஜினியர் ஒருவர் பிரச்சினையைப் பார்த்து, யோசித்து, மாற்றியிருக்கிறார். தாய்க் கம்பெனியின் டிராயிங்கை மீறிக் கையை வைக்க ஒரு தைரியம் வேணும்.

1977-ல் கெஸலும் நின்றது. அதற்குப் பல காரணம் இருக்கும். பெட்ரோல் விலை ஏறிய காலம் அது. எத்தனை கார் செய்யலாம் என்பதற்கும் லைசென்ஸ் வேண்டும். காரின் விலையையே அரசு நிர்ணயித்து, அந்தச் சண்டை 1972-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. இதையெல்லாம் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே சட்டம், அதே பெட்ரோல் விலையில்தான் மற்ற இருவரும் ஓடினார்கள். அடுத்த எட்டு வருடம் பெருங்களத்தூரிலிருந்து கார் என்று ஒன்றுகூட வரவில்லை. ஸ்டாண்டர்ட் 20 என்ற வேன் மட்டும் வந்தது. ஆம்புலன்ஸாகப் பலர் பார்த்திருப்பார்கள்.

பிறகு 1985. மாருதி 800 வந்து ரெண்டு வருடம் ஆகப்போகிறது, ஊரே புதுக் கார் பித்தில் இருக்கிறது. ஸ்டாண்டர்ட் அறிமுகப்படுத்தியது 'ஸ்டாண்டர்ட் 2000'. இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 பாடி. அது 1977-ல் ஐரோப்பாவின் 'கார் ஆஃப் த இயர்' வாங்கிய வண்டி, டேவிட் பேச் என்பவரின் தலைமையில் வரைந்தது. அங்கே அதில் 3.5 லிட்டர் வி8 இருந்தது. படத்தை இப்போது தேடிப் பாருங்கள், இன்றைக்கும் கொஞ்சம் வாயைப் பிளக்க வைக்கும். அந்தக் காலத்தில் அம்பாசடருக்குப் பக்கத்தில் அதை நிறுத்தினால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பானெட்டைத் திறப்போம்.

1991 சி.சி., நான்கு சிலிண்டர். போர் 83 மி.மீ., ஸ்ட்ரோக் 92 மி.மீ. கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள், ஒரு சிலிண்டருக்கு 497.8 வரும், நான்கால் பெருக்கினால் 1991. இந்த எண்ணை வைத்துத் தேடியபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐம்பதுகளில் வந்த ட்ரையம்ஃப் டி.ஆர்.2 ஸ்போர்ட்ஸ் காரின் போரும் ஸ்ட்ரோக்கும் அச்சு அசல் இதே. அதுவும் நாற்பதுகளின் வான்கார்டு இன்ஜினிலிருந்து வந்தது. அந்த வான்கார்டு குடும்ப இன்ஜின்தான் இங்கிலாந்தில் ஃபெர்குசன் டிராக்டரையும் ஓட்டியது! கம்பெனி பிறந்த வருடம் கையில் இருந்த இன்ஜினையே கம்பெனி சாகப்போகும் நேரத்தில் ரோவர் சட்டைக்குள் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வேனிலும் அதே இன்ஜின்தான். வேன் வேலைக்கு அது நல்ல இன்ஜின். உழைக்கும், ரிப்பேர் சுலபம், வெட் லைனர் என்பதால் தேய்ந்தால் லைனரை மட்டும் மாற்றிவிடலாம். ஆனால் வி8 எதிர்பார்த்து வரைந்த ஒரு பெரிய பாடியை இழுத்துக்கொண்டு, பெட்ரோலையும் மிச்சப்படுத்தி, பெரிய பணக்காரரையும் திருப்திப்படுத்தச் சொன்னால் அது என்ன செய்யும், பாவம். மூன்றே வருடத்தில் கதை முடிந்தது. விற்காமல் குவிந்துகிடந்த எஸ்.டி.1 பாகங்களைப் பிற்பாடு ஒரு இங்கிலாந்து ஸ்பேர் பார்ட்ஸ் வியாபாரி மொத்தமாக வாங்கிக்கொண்டு போனார் என்பது கடைசி வேடிக்கை. அங்கே பழைய ரோவர் பிரியர்களுக்கு மெட்ராஸில் மிஞ்சியது கிடைத்தது.

"மாருதிதான் கொன்றது" என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் பதில். எனக்கு அதில் உடன்பாடில்லை. 796 சி.சி. சின்னக் கார் வாங்கப் போகிறவர் ஸ்டாண்டர்ட் 2000 பக்கமே வரமாட்டார். ஸ்டாண்டர்டின் நிஜப் போட்டி கான்டெஸாவும் பிரீமியர் 118 என்.ஈ.யும். ரெண்டுமே ஸ்டாண்டர்ட் செய்ததைத்தான் செய்தன, அதாவது வெளிநாட்டில் ரிடையர் ஆன பாடியை வாங்கின. கான்டெஸா வாக்ஸ்ஹாலின் பழைய பாடி, 118 ஃபியட் 124-இன் பழைய பாடி. ஆனால் பிரீமியர் அதற்குள் நிஸான் இன்ஜின் வைத்தது, அந்த 'என்.ஈ.' என்பதே 'நிஸான் இன்ஜின்'தான். ஹிந்துஸ்தான் முதலில் அம்பாசடரின் 1489 சி.சி. இன்ஜினையே கான்டெஸாவுக்குள் திணித்துவிட்டு, திட்டு வாங்கி, 1987-ல் இசுஸு 1.8 லிட்டருக்கு மாறியது. ஆக ஒருத்தர் முன்பே யோசித்தார், இன்னொருத்தர் அடிபட்டுத் திருந்தினார், மூன்றாமவர் அப்படியே இருந்தார். இறக்குமதி செய்தது தப்பில்லை. எதை இறக்குமதி செய்வது என்பதில்தான் கோட்டைவிட்டார்கள். கஸ்டமர் கண்ணுக்குத் தெரிகிறதை வெளியிலிருந்து வாங்கினார்கள், தெரியாததைப் பழையபடியே விட்டார்கள்.

அமெரிக்காவில் இந்தக் கதை நூறு வருடம் முன்பே கொத்துக் கொத்தாக நடந்திருக்கிறது. அங்கே 'அசெம்பிள்டு கார்' என்றே ஒரு வகை உண்டு. செயின்ட் லூயிஸில் 'மூன்' என்ற கம்பெனி 1905-லிருந்து 1930 வரை இருந்தது. இன்ஜின் கான்டினென்டல் என்ற கம்பெனியிடமிருந்து வரும், மற்ற பாகங்களும் ஆளுக்கொரு இடத்திலிருந்து. பாடியும் பெயின்டும் பிரமாதமாக இருக்குமாம். அந்த நாளில் இப்படிப்பட்ட கம்பெனிகள் தெருவுக்குத் தெரு. பெரிய கம்பெனிகள் விலையைக் குறைத்ததும் தாங்க முடியாமல் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. இன்ஜினை வாங்கும் விலை உன் கையில் இல்லை என்றால் காரை விற்கும் விலையும் உன் கையில் இல்லை. எகனாமிக்ஸ் பேப்பரில் இதை ரெண்டு மார்க்குக்குக் கேட்டால் எல்லாரும் எழுதுவோம்.

இப்போது நம்ம வீட்டுக்கு வருவோம்.

என் மினி ப்ராஜெக்ட் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர். ஹப் மோட்டார் ஆன்லைனில் வாங்கினோம். கன்ட்ரோலர் அதனுடனேயே வந்தது. பேட்டரி பேக், பி.எம்.எஸ். எல்லாம் ரெடிமேட். நாங்கள் செய்தது ஃபைபர் பாடி. தில்லைநகரில் ஒரு பெயின்டரைப் பிடித்து மேட் ஃபினிஷ் நீலம் அடித்தோம், முன்னால் ஒரு எல்.இ.டி. பட்டை. முதல் பரிசு கிடைத்தது. நடுவர்களில் ஒருவர்கூட கன்ட்ரோலருக்குள் என்ன ஓடுகிறது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம்? அது எபாக்ஸி ஊற்றி மூடிய அலுமினியப் பெட்டி. எங்களுக்குத் தெரிந்தது எந்த ஒயர் என்ன கலர் என்பது மட்டும்.

பரிசோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே வேண்டாம். டீமில் இருக்கும் என் நண்பன் இதையே கம்பெனியாக்கலாம் என்கிறான். பெயர்கூட வைத்தாயிற்று. அவன் அப்பா மண்ணச்சநல்லூர் பக்கம் இருக்கிற ஒன்றரை ஏக்கர் வயல் பத்திரத்தை பேங்கில் வைக்கத் தயார். "மச்சி, பாடி நம்மளது. மத்ததெல்லாம் எல்லாரும் வாங்குறதுதானே" என்கிறான். அவன் சொல்வது முழுத் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. எல்லாரும் வாங்கத்தான் செய்கிறார்கள். நிஸான் இன்ஜின் வாங்கிய பிரீமியர் ஒன்றும் முட்டாள் இல்லை என்று மேலே நானே எழுதியிருக்கிறேன்.

எனக்குப் பயம் வேறு இடத்தில். சப்ளையர் நாளைக்கே அந்த கன்ட்ரோலர் மாடலை நிறுத்தினால்? மழைக்காலத்தில் காவிரிப் பாலத்து மேல் வண்டி நின்றுபோய் கஸ்டமர் போன் செய்தால்? "அண்ணே, பெட்டிய மாத்திடலாம்" என்பதைத் தவிர நம்மிடம் பதில் இருக்கிறதா? துவாக்குடியில் என் அப்பா வேலை பார்க்கும் ஃபேப்ரிகேஷன் யூனிட்டில் நல்ல வெல்டர்கள் இருந்தார்கள், எக்ஸ்ரேயில் குறை வராத வெல்டிங். ஆனால் டிராயிங் வெளியிலிருந்து வரும், மெட்டீரியல் வெளியிலிருந்து வரும், ஆர்டரும் ஒரே இடத்திலிருந்து வரும். ஆர்டர் குறைந்தபோது மூன்று ஷிஃப்ட் ஒன்றானது. அப்பா இப்போது வாரத்தில் நாலு நாள் போகிறார். வெல்டிங்கில் ஒரு குறையும் இல்லை.

ஆகவே என் கருத்து இது, யாருக்கும் கோபம் வந்தால் வரட்டும். ப்ராஜெக்ட் ரிவ்யூவில் வண்டியை ஓட்டிக் காட்டுவதற்கு மார்க் போடுவதை நிறுத்த வேண்டும். வாங்கிய பாகங்களில் எதையாவது ஒன்றைப் பிரித்து, அது ஏன் அப்படி இருக்கிறது என்று சொல்லச் சொல்லுங்கள். பெருங்களத்தூர்க்காரர்கள் ஸ்விங் ஆக்ஸிலைத் தூக்கிவிட்டு லைவ் ஆக்ஸில் வைத்த மாதிரி, ஒன்றே ஒன்றை நம் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். அது அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை, வண்டி ஓடவே இல்லையென்றாலும் பரவாயில்லை. இப்போது இருக்கிற ரூப்ரிக்கில் கெஸல் தோற்றுப்போகும், ஸ்டாண்டர்ட் 2000 முதல் பரிசு வாங்கும். தலைகீழாக இருக்கிறது, இல்லையா?

இதை நண்பனிடம் சொன்னபோது ரெண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் வந்து உட்கார்ந்தான். ரெஜிஸ்ட்ரேஷனை அடுத்த செமஸ்டருக்குத் தள்ளி வைக்கலாம், அதுவரை சொந்தமாக ஒரு கன்ட்ரோலர் போர்டு முயற்சி செய்யலாம், வராவிட்டால் ரெடிமேட்தான் என்றான். ஒப்புக்கொண்டேன். பத்திரம் இப்போதைக்கு அவங்க வீட்டு பீரோவிலேயே இருக்கிறது.

போர்டு இன்னும் வரவில்லை. மோட்டார் அரைச் சுற்று சுற்றும், 'டப்' என்று ஒரு சத்தம், பிறகு புகை. மேலே உள்ள மாஸ்ஃபெட் அணைவதற்குள் கீழே உள்ளது திறந்துவிடுகிறது. டெட் டைமை எவ்வளவு வைப்பது என்பதில் எங்களுக்குள் சண்டை. இதுவரை பதினோரு மாஸ்ஃபெட் போயிருக்கிறது. கேட் டிரைவர் சர்க்யூட் தெரிந்த இ.இ.இ. மக்கள் யாராவது இருந்தால், தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் பவர் எலெக்ட்ரானிக்ஸ் லேபுக்கு வாருங்கள். டீ எங்கள் செலவு.